ஊசிக்குப் பின் எத்தனை நாள்? கால்நடை வளர்ப்போரின் அறியும் உரிமை

ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் கழித்து விற்கலாம்? இக்கேள்விக்கான விடை 2012ஆம் ஆண்டு முதல் இந்தியச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம், மேனாம்பேடு போன்ற, நகரம் விழுங்கிவிட்ட ஊர்களில் இரண்டு மாடு, நான்கு ஆடு கட்டிப் பிழைக்கும் குடும்பங்களிடம் கேட்டுப் பார்த்தால், ஊசி போட்டவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்த 'ஊசி போட்டவர்' பல நேரங்களில் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரும் அல்லர்; மருந்துப் பையுடன் இருசக்கர வண்டியில் வந்துபோகும் ஒருவர்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை, நுண்ணுயிரிகளின் மருந்து எதிர்ப்புத்திறன் குறித்த உலக விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. சுவரொட்டிகள் அச்சாகின்றன, 'ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்தாதீர்' என்ற அறிவுரை கால்நடை வளர்ப்போரை நோக்கிச் சொல்லப்படுகிறது. இவ்வறிவுரையில் பிழையில்லை. ஆனால் தவறு செய்பவர் யார், அறியாமை எவ்வாறு உருவாக்கப்பட்டது, சட்டம் யார்மீது கடமையைச் சுமத்தியிருக்கிறது என்ற கேள்விகளை அது எழுப்புவதேயில்லை. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஆடும் மாடும் வங்கிக் கணக்குக்கு ஒப்பானவை. மகளின் கல்லூரிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அந்தக் கொட்டகையிலிருந்தே வருகின்றன. அங்கே மருந்து வேலை செய்யாமல் போவது முதலில் ஒரு வாழ்வாதாரச் சிக்கல். பிறகுதான் அது உலகச் சிக்கல்.

எதிர்ப்புத்திறன் எப்படிப் பிறக்கிறது?

ஒரு மாட்டின் மடியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நோயை உண்டாக்கியிருக்கின்றன என்று கொள்வோம். அவற்றுள் சில, இயல்பான மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாக்குப்பிடிக்கும் தன்மை பெற்றிருக்கலாம். சரியான மருந்தைச் சரியான அளவில், சொன்ன நாள்வரை கொடுத்தால் பெரும்பாலானவை மடியும். எஞ்சியவற்றை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பார்த்துக்கொள்ளும். மருந்தின் அளவு குறைந்தாலோ, தேவையே இல்லாமல் மருந்து கொடுக்கப்பட்டாலோ, மருந்துக்கு எளிதில் மடிபவை மட்டும் அழிந்து, தாக்குப்பிடிப்பவை தடையின்றிப் பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்.

இதைவிடக் கவலையளிப்பது மற்றொன்று. பாக்டீரியாக்கள் தம் எதிர்ப்புத்திறனைத் தம் சந்ததிக்கு மட்டுமன்றி, பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கடத்த வல்லவை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்கள் வழியாக இது நிகழ்கிறது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாகப் பயன்படும் கோலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு, இப்படிக் கைமாறக்கூடிய வடிவில் இருப்பது 2015ஆம் ஆண்டு சீனாவில் கண்டறியப்பட்டது. பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. கொட்டகைக்கும் மருத்துவமனைக்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு நொதியைப் பற்றி 2010ஆம் ஆண்டு 'லான்செட்' குழும இதழில் வெளிவந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆய்வுக்கான மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையைச் சேர்ந்தது. நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இடம்பெற்றதால் எழுந்த அரசியல் சினத்தில், ஆய்வு சொன்ன செய்தி சில காலம் மூழ்கிப்போனது. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடிச் 'சென்னைப் பிரகடனத்தை' உருவாக்கிய பிறகே கொள்கை அளவில் அசைவு தொடங்கியது. தேசியச் செயல்திட்டம் 2017இல் வந்தது. பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்புத்திறனே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022இல் வெளியான 'லான்செட்' ஆய்வு மதிப்பிட்டது.

மருந்து எங்கே கொட்டப்படுகிறது?

சிறு வளர்ப்பாளரை நோக்கி விரலை நீட்டும் முன் இக்கேள்விக்கு விடை தேட வேண்டும். நோயைக் குணப்படுத்த மட்டுமன்றி, விரைவில் எடை கூடுவதற்காகவும் ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலப்பது பல்லாண்டுகளாக உலகெங்கும் தொழில்முறைப் பண்ணைகளின் வழக்கம். சுவீடன் 1986இலேயே இதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 2006இல் தடை வந்தது. இந்தியாவில் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றுக்காகத் தயாரிப்பதையும் விற்பதையும் ஒன்றிய அரசு தடைசெய்தது 2019 ஜூலையில்தான். மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் சட்டம் 1940இன் 26ஏ பிரிவின்கீழ் அத்தடை பிறப்பிக்கப்பட்டது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் உள்ளன. நாட்டிலேயே இதுதான் மிகுதி. நாமக்கல் முட்டைக்கும், பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை. கறிக்கோழி வளர்ப்பில் ஒப்பந்தமுறையே கோலோச்சுகிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் நிறுவனம் தருகிறது; கொட்டகையும் உழைப்பும் வளர்ப்பவருடையவை; கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியும் நிலையில் கூலிக்கு வளர்ப்பவர் இல்லை. அவரிடம் விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுத்து என்ன பயன்?

ஐதராபாத்துக்கு அருகேயுள்ள பட்டஞ்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டனர். மறுபுறம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளுள், வரம்புக்கு மேல் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தவை 77 மட்டுமே. ஆலைக் கழிவையும் பால் எச்சத்தையும் நேராக ஒப்பிட முடியாது. அவை வேறுவேறு வகை அளவீடுகள். எனினும், சுவரொட்டியில் ஒரு மாட்டுக்காரரின் படம் மட்டும் ஏன் இருக்கிறது என்று கேட்க இவை போதும்.

அப்படியானால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

பெருங்குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறார் என்பதால் நம் கொட்டகையில் நடப்பதைப் பேசாமல் இருக்க முடியாது. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா முதலில் தொடுவது விலங்கோடும் அதன் கழிவோடும் நாள்தோறும் உறவாடும் உடலை. சாணம் அள்ளுபவர், கோழிகளைப் பிடித்து வண்டியில் ஏற்றுபவர், ஆடு அறுப்பவர், தோல் உரிப்பவர், சாக்கடையில் இறங்குபவர் எனப் பட்டியலிட்டால், அது சாதி வகுத்த தொழிற்பட்டியலாகவே விரியும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினரைச் செத்த விலங்கைத் தூக்கவோ அப்புறப்படுத்தவோ வைப்பதைக் குற்றமாக்குகிறது. அப்பிரிவை இதுவரை இழிவு என்ற கோணத்தில் மட்டுமே வாதாடி வந்திருக்கிறோம். நோயில் செத்த மாட்டைக் கையுறைகூட இல்லாமல் இழுப்பவரின் உடல்நலம் என்ற கோணமும் அதே பிரிவுக்குள் இருக்கிறது.

நம் கொட்டகைகளில் நடக்கும் தவறுகள் எவை? கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய், கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் ஆகிய மூன்றும் வைரசால் வருபவை. வைரசை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. (கோமாரியில் புண்ணின்மேல் பாக்டீரியா தொற்றும்போது மருத்துவர் அதைக் கொடுப்பது வேறு செய்தி.) ஆயினும் கோழி தலையைத் தொங்கவிட்டவுடன், வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரை தண்ணீரில் கரைக்கப்படுகிறது. ஐந்து நாள் போட வேண்டிய ஊசி, மாடு தீனி எடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே நிறுத்தப்படுகிறது. அடுத்த ஊசிக்குப் பணம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அதை அறியாமை என்று எழுதிவிடுகிறார்கள்.

விற்க முடியாத பாலைக் கன்றுக்கு ஊட்டுவது இன்னொரு வழக்கம். கன்றின் குடலில் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா வளர இது வழிசெய்கிறது. ஊசி போட்ட மாட்டின் பாலில் தயிர் சரியாக உறையாமல் போவதை நம் பெண்கள் கவனித்திருப்பார்கள். பாலில் எஞ்சிய மருந்து, பாலை உறைய வைக்கும் பாக்டீரியாவையும் தடுப்பதே அதற்குக் காரணம். ஆய்வகம் இல்லாமலே அடுப்படியில் தெரியும் அறிகுறி அது. விழிப்புணர்வுக் கூட்டத்தை இதிலிருந்து தொடங்கினால் யாருக்கும் சொற்பொழிவு தேவைப்படாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் விதிகள் 1945இன் 97ஆம் விதி, 2012 ஜனவரியில் திருத்தப்பட்டது. உணவுக்கான விலங்குகளுக்குத் தரப்படும் மருந்தின் கொள்கலனில், பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றை எத்தனை நாள் பயன்படுத்தக் கூடாது என்ற காத்திருப்புக் காலத்தை அச்சிட வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. குறிப்பிட்ட மருந்துக்கு அக்காலம் வரையறுக்கப்படவில்லையெனில், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாட்கள். கோழி, ஆடு, மாட்டு இறைச்சிக்குக் குறைந்தது 28 நாட்கள். விலங்கின் தலை உருவமும், 'மனிதப் பயன்பாட்டுக்கன்று' என்ற எச்சரிக்கையும் அதே விதியின்படி அச்சிடப்பட வேண்டியவை.

விதி நன்று. ஆனால் அந்தக் குப்பி வளர்ப்பவரின் கைக்கு வருவதில்லை. மருந்து ஊசியில் ஏற்றப்பட்ட வடிவில் வருகிறது. குப்பி பைக்குள் திரும்பிவிடுகிறது. கைக்கு வந்தாலும் எழுத்து பொடியாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அறியும் உரிமையை அச்சில் தந்து கையில் தராமல் விட்ட விதி இது.

இனி 7 நாள் என்பதன் விலையைப் பார்ப்போம். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் ஒரு மாடு, லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் 1,960 ரூபாய் இழப்பு. மருத்துவச் செலவு இதற்குமேல். ஒரே மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்திடம், பொதுநலத்துக்காகப் பாலைக் கீழே கொட்டு என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? காத்திருப்புக் கால இழப்பீடு என்ற கோரிக்கையை நம் இயக்கங்களின் தீர்மானப் பட்டியல்களில் நான் கண்டதில்லை. மருந்து எச்சமில்லாத பால் நகரத்து நுகர்வோருக்குக் கிடைக்கும் பயன் என்றால், அதற்கான செலவில் ஒரு பங்கைப் பொதுநிதி ஏற்பதே நியாயம்.

ஆன்டிபயாடிக் மருந்துகளுள் பெரும்பாலானவை எச் அல்லது எச்1 பட்டியலில் வருவன. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்கக் கூடாது. கால்நடைகளைப் பொறுத்தவரை, 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே மருத்துவம் செய்யலாம். எனவே பையுடன் வருபவர் மீது புகார் கொடுக்கலாம் என்று இளம் வழக்குரைஞர்கள் உடனே சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரவு பத்து மணிக்கு மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது குடியிருப்புக்கு வருபவர் அவர் ஒருவரே. அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பார்? 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் பரிந்துரைத்தது 1976இல். அதே 30ஆம் பிரிவு, கால்நடை ஆய்வாளர் போன்ற பட்டயம், சான்றிதழ் பெற்றோர் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளை அளிக்க மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நம் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அத்தகுதியைப் பெற்றுத் தரும்படி கேட்பதே பயனுள்ள வழி. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15ஆம் பதிவு, கால்நடை நோய்த் தடுப்பையும் கால்நடை மருத்துவப் பயிற்சியையும் மாநிலத்திடமே ஒப்படைத்திருக்கிறது. டெல்லியைக் கைகாட்ட இடமில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குச் சென்றால் தலித் வீட்டு ஆட்டைக் கடைசியில் பார்ப்பது, குடியிருப்புக்குள் வர மறுப்பது போன்றவை நேர்ந்தால் என்ன செய்வது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za)(D) பிரிவு, மருத்துவமனை, மருந்தகம், பிற பொது இடம் ஆகியவற்றில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. கால்நடை மருந்தகம் என்று தனியே குறிப்பிடப்படவில்லை. ஆனால் 'பிற பொது இடம்' என்பதில் அது அடங்கும் என்பது என் வாசிப்பு. கடைசியில் பார்ப்பதை இப்பிரிவுக்குள் கொண்டுவருவது கடினம். குடியிருப்புக்கு வர மறுப்பதற்கு வேறு பிரிவுகளையும் துறைசார் புகார்களையும் நாட வேண்டியிருக்கும்.

நோய் வராமல் இருப்பதற்கும் நிலம் வேண்டும்

மருந்தைக் குறைக்க எளிய வழி நோயைக் குறைப்பது. ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசிகளைத் தயாரிக்கிறது. கோழிக்கழிச்சலுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. முகாம் எங்கே நடக்கிறது, ஊரிலா சேரியிலா, கோழியை எடுத்துச்செல்லும் பெண்கள் கூலிக்குப் போகும் நேரத்திலா என்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

அடுத்தது இடநெருக்கடி. நெருக்கமும் ஈரமும் உள்ள கொட்டகையில் மடிநோயும் குளம்புநோயும் வராமல் இருக்காது. மேய்ச்சலுக்கு இடமில்லாத மாடு குப்பையைத் தின்னும். பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்தவை பஞ்சமி நிலங்கள். அந்த மாவட்டத்தின் ஊர்களே இன்று சென்னையின் மேற்குப் புறநகராக மாறி நிற்கின்றன. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களிலிருந்து ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டபோது, அரசு அறிவிக்கையின்கீழ் நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களுக்கு விலக்களிக்கலாம் என்றது. அந்த விலக்கை மேய்ச்சல் உரிமைக்கான வாதமாக நாம் இன்னும் வளர்த்தெடுக்கவில்லை.

கள்ளிக்குப்பம் போன்ற இடங்களில் சிக்கல் மேலும் இறுகுகிறது. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. அதே ஆண்டு தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானதாக இருந்தது. நகர ஏழைக்கு அதில் இடமிருக்கவில்லை. நகரத்தில் அவருக்குப் பொருந்துவது 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புறப் பகுதிகளில் விலங்குகள், பறவைகள் (கட்டுப்பாடு, ஒழுங்குமுறை) சட்டம். உரிமம் இல்லாமல் வளர்த்தால் குற்றம். தெருவில் திரிந்தால் பிடிப்பும் அபராதமும். பள்ளிப் பிள்ளைகளை மாடு முட்டும் தெருவில் ஒழுங்குமுறை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அபராதத்துக்கு அஞ்சி மாட்டை மறைத்து வளர்ப்பவர் அரசு மருத்துவரை எப்படி அழைப்பார்? தண்டனைச் சட்டம் நோயை இருட்டுக்குள் தள்ளுகிறது. இருட்டில் கிடைக்கும் ஒரே சிகிச்சை அந்த மருந்துப் பைதான்.

மாற்று மருத்துவம் பற்றி ஒரு சொல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய மடிநோய்க் கலவை (250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு) இன்று தேசியப் பால்வள வாரியமே பரிந்துரைப்பது. மூன்றையும் அரைத்து, நீர் கலந்து, கழுவிய மடியில் நாளுக்குப் பலமுறை, 5 நாள் தடவ வேண்டும். நோயின் தொடக்கத்திலேயே இதைக் கையாண்டால் ஆன்டிபயாடிக் ஊசியைத் தவிர்க்க வாய்ப்புண்டு. சித்த மருத்துவரான அயோத்திதாசரின் வழிவந்தோருக்கு இவ்வறிவு அந்நியமன்று. ஆனால் காய்ச்சலும் இரத்தம் கலந்த பாலும் கண்ட பிறகும் கற்றாழையையே நம்பியிருப்பது மாட்டை இழப்பதில் முடியலாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். உங்கள் பகுதிக்கு அந்த ஊர்தி வருகிறதா என்பதை நோய் வரும் முன்பே அழைத்துக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரி மாணவர்கள் இந்த நவம்பரில் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. நவம்பர் 1 அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. நகர்ப்புறங்களில் 2022இல் அதே நாளில் தொடங்கிய பகுதி சபைகள் இருக்கின்றன. அங்கு வைக்கும் தீர்மானத்தோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் ஒரு மனுவையும் கால்நடை பராமரிப்புத் துறைக்கு அனுப்புங்கள். கேள்விகள் நான்கு போதும். எங்கள் பகுதிக்கான கால்நடை மருந்தகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கடந்த 12 மாதங்களில் எந்தெந்தத் தெருக்களில் தடுப்பூசி முகாம் நடந்தது? சிகிச்சை பெற்ற விலங்கின் உரிமையாளருக்குக் காத்திருப்புக் காலத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்ற சுற்றறிக்கை உள்ளதா. இருந்தால் அதன் நகல் என்ன? எங்கள் பகுதியில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்காகப் பால் மாதிரி கடைசியாக எடுக்கப்பட்ட தேதி எது? மனுக் கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும்.